கைதி எண் 276

லிட்டில் அந்தமான் தீவிலுள்ள ஹட் பே துறையில் கப்பலிலிருந்து ஒரு புதியவர் இறங்கினால், நம்மவர் அவரை முதலிற் கேட்பது, “எந்த ஊர்?” என்பதாகும். அடுத்த கேள்வி, “என்ன வேலையாய் வந்தீர்கள்?” என்பது. அதற்கு மேல் அவருடைய பழங்கதையை எவரும் கிளறுவதில்லை. ஊர் விட்டு ஊர் சென்று பிழைக்கும் மக்களிடையே இது எழுதப்படாத மரியாதை. இத்தீவுகளில் அந்த மரியாதைக்குத் தனிப் பொருளும் உண்டு. இங்கே மனிதர்களைக் குற்றவாளிகள் என்று எழுதிக் கப்பலேற்றி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது.

இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1978 முதல் 1981 வரை ‘பிளேக்ஸ் செவன்’ என்ற அறிவியற் கற்பனைத் தொடரைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. விண்வெளியில் ஒரு கொடுங்கோல் ஆட்சி. அதன் கைதிகள் ஒரு கலத்தில் ஏற்றப்பட்டு, சிறையாக்கப்பட்ட தொலைதூரக் கிரகம் ஒன்றுக்கு நாடு கடத்தப்படுகிறார்கள். அவர்களுள் ஏவன் என்பவன் கூர்மதியன், தன்னலக்காரன். பெரும் பண மோசடிக்காகத் தண்டனை பெற்றவன் என்பது கதை. ஆனால் உண்மையில் அவன் செய்தது என்ன, எதற்காகச் செய்தான், அவனைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்பனவெல்லாம் நெடுநாள் மூடுபனிக்குள்ளேயே இருக்கின்றன. அவனை நம்பலாமா, கூடாதா என்று உடனிருப்போரும் தடுமாறுகிறார்கள், பார்ப்போரும் தடுமாறுகிறார்கள்.

கற்பனையை விட்டு நம் கடலுக்கு வருவோம். இத்தகைய மனிதர் ஒருவர் அந்தமானில் மெய்யாகவே வாழ்ந்தார். அவர் பெயர் தூத்நாத் திவாரி. கைதி எண் 276.

அவர் வங்காளக் காலாட்படையின் 14ஆவது படைப்பிரிவில் சிப்பாய். 1857 ஜூலையில் ஜீலம் நகரில் அப்படையின் ஆயுதங்களைப் பறிக்க ஆங்கிலேயர் முற்பட்டபோது சண்டை மூண்டது. கலகம் செய்தார், படையை விட்டு ஓடினார் என்ற குற்றங்களுக்காகத் திவாரிக்கு ஆயுள் முழுதும் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. அன்று அவர் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டாரா, அல்லது உயிருக்கு அஞ்சி ஓடியவர்களில் ஒருவரா? தண்டனைக் குறிப்பின் இரண்டு சொற்களிலிருந்து அதை நாம் அறிய முடியாது.

1858 ஏப்ரலில் அவர் ராஸ் தீவில் இறக்கப்பட்டார். 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது அத்தீவுதான். சில நாட்களுக்குள்ளாகவே வேறு பல கைதிகளோடு அவர் தப்பினார். காட்டில் உணவும் நீரும் இன்றி அலைந்த அக்கூட்டத்தை அந்தமானியர் அம்பெய்து தாக்கினர். பலர் மாண்டனர். காயமுற்று விழுந்த திவாரி கைகூப்பி உயிர்ப்பிச்சை கேட்டார். அம்மக்கள் அவரைக் கொல்லாமல் படகிலேற்றிச் சென்று, காயத்துக்கு மருந்திட்டு, தம்முள் ஒருவராக வைத்துக்கொண்டனர். ஓராண்டுக்கு மேல் அவர்களோடு தீவுக்குத் தீவு திரிந்தார். இரு பெண்களை மணம் செய்தும் கொடுத்தனர். அவர்களுள் லீப்பா என்பவள் அப்போது கருவுற்றிருந்தாள்.

1859 மே மாதத்தில், ஆங்கிலேயர் குடியேற்றத்தை அழிக்க அந்தமானியர் பெரும் திரளாகப் புறப்பட்டனர். திவாரியும் உடன் வந்தார்; கடைசி வேளையில் பிரிந்து ஓடி, அபர்தீன் என்னுமிடத்தில் இருந்தோரை எச்சரித்தார். குடியேற்றம் தப்பியது. வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு முன் தோற்றன. திவாரிக்கு 1860இல் மன்னிப்பு கிடைத்தது; விடுதலை பெற்று ஊர் திரும்பினார். லீப்பாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் காட்டிலேயே நின்றனர்.

இவரை என்னவென்று சொல்வது? அன்னிய ஆட்சியை எதிர்த்த வீரர் என்றால், அந்த ஆட்சியைக் காத்தவரும் இவரே. துரோகி என்றால், அந்தக் குடியேற்றத்தில் விலங்கோடு கிடந்த கைதிகளின் உயிரையும் இவர் எச்சரிக்கை காத்தது. வேறொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தப்பிப் பிடிபட்ட கைதிகளில் 86 பேரை அக்காலக் கண்காணிப்பாளர் டாக்டர் வாக்கர் தூக்கிலிட்டார். தப்பியோடியவன் வெறுங்கையோடு திரும்பினால் கழுத்துக்குக் கயிறு காத்திருந்தது. அப்படியானால் அந்த எச்சரிக்கை மனச்சான்றின் குரலா, உயிருக்குக் கொடுத்த விலையா? இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கவும் கூடும் அல்லவா?

அன்பர்களே, திவாரியின் வரலாறு நமக்குக் கிடைத்திருப்பது அவர் ஆங்கில அதிகாரிகளிடம் சொன்ன வாக்குமூலத்தின் வழியாகவே. மன்னிப்பை எதிர்நோக்கி நின்ற ஒருவர், மன்னிப்பு வழங்கவல்லாரிடம் சொன்ன கதை அது. எதைச் சொல்லியிருப்பார், எதை விழுங்கியிருப்பார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அவரைச் சாவிலிருந்து எடுத்து வளர்த்த மக்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள எவரும் முன்வரவில்லை. அந்தக் கிரேட் அந்தமானிய மக்கள் போரினாலும், அதைவிட மிகுதியாகப் புதிய நோய்களினாலும் தேய்ந்தனர். 1901இல் 625 பேராக இருந்தவர்கள் 1961இல் 19 பேர் மட்டுமே.

ஹட் பே இருக்கும் இத்தீவுக்கும் இதில் பங்கு உண்டு. 1867இல் ‘அஸ்ஸாம் வேலி’ என்ற கப்பலிலிருந்து இங்கே இறங்கியவர்கள் திரும்பவில்லை. அவர்களைத் தேடி வந்த படையினர் ஆபத்தில் சிக்கியபோது, கொந்தளிக்கும் அலைகளுக்குள் படகு செலுத்தி அவர்களை மீட்ட ஐவருக்கு விக்டோரியா பதக்கம் வழங்கப்பட்டது. அவர்கள் துணிவு மெய்யான துணிவே. எனினும், தம் கரையில் அன்னியர் இறங்கக் கண்ட ஓங்கே மக்கள் அன்று எதற்கு அஞ்சினர் என்பது அந்தப் பதிவுகளில் இடம்பெறவில்லை.

தண்டனைக் காலம் முடிந்து இத்தீவுகளிலேயே தங்கிய கைதிகள் பலர். அவர்கள் சந்ததியார் ஆசிரியராகவும், உழவராகவும், அலுவலராகவும் நம் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களுடைய முப்பாட்டன் செய்தது கொலையா, கலகமா, பொய் வழக்கா என்று யார் இன்று தீர்த்துச் சொல்ல முடியும்? வெளி மாநிலத்தில் வாழும் நம்மையும், தெரியாத ஊரார் ஒரே சொல்லால் அளந்துவிடுவது உண்டு. அந்தச் சுருக்கெழுத்தின் வலி நமக்குத் தெரியும்.

ஆகவே ஹட் பே துறையில் நம்மவர் கேட்கும் இரண்டு கேள்விகளே போதும் என்று தோன்றுகிறது. மூன்றாவது கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமானால், திவாரியிடம் கேட்பதற்கு முன் லீப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும்.