மோகனாங்கியை எழுதிய திருமலைக்காரர்



திருகோணமலை என்றதும் துறைமுகத்தைச் சொல்வார்கள், கோணேசரைச் சொல்வார்கள். நாவலைச் சொல்பவர் குறைவு. இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் வந்தது. நாலு வருடம் கழித்து, 1895இல், தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’. தமிழின் முதல் வரலாற்று நாவலாக ஆய்வாளர்கள் கொள்வது இதைத்தான். இருவரும் திருமலைக்காரர்.

சரவணமுத்துப்பிள்ளை பிறந்தது 1865இல். அண்ணன் கனகசுந்தரம்பிள்ளையும் பேரறிஞர். தம்பி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பிறகு அங்கே கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நூலகரானார். ஏடு வாசிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது, தொட்டால் ஓலையின் ஓரம் உதிரும். இப்படியொரு இடத்தில் இருப்பவர் பழமையைக் கும்பிட்டே காலத்தைக் கழித்துவிடலாம். இவரோ 1892இல் ‘தமிழ்ப் பாஷை’ எழுதி, மொழியின் வரலாற்றையே ஆராயப் புகுந்தார். அதே ஆண்டில் ‘தத்தை விடு தூது’. தூது பழைய வடிவம்தான். கிளியிடம் சொல்லியனுப்பும் செய்திதான் புதிது. பெண்ணை வீட்டுக்குள் பூட்டிவைப்பதற்கு எதிரான முறைப்பாடு அது.

‘மோகனாங்கி’யின் பின்னணி இது: மதுரை அரசர் சொக்கநாத நாயக்கர் தஞ்சை இளவரசியைப் பெண் கேட்டார், தஞ்சை அரசர் விஜயராகவ நாயக்கர் மறுத்தார், 1673இல் தஞ்சை விழுந்தது. சரித்திரத்தில் இது இரண்டு அரசர்களின் வழக்கு. பெண்ணுக்கு அதில் பேச்சில்லை. சரவணமுத்துப்பிள்ளை அவளுக்கு ஒரு பெயர் கொடுத்து, அதையே நூலின் தலைப்பாக்கினார். பிற்காலத்தில் நாவலைச் சுருக்கி வெளியிட்டபோது அரசன் சொக்கநாதன் பெயர் தலைப்பில் ஏறிக்கொண்டது! எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

1902இல் அவர் மறைந்தார். 37 வயது.

பட்டம் பெறும் பிள்ளைகளே, உங்களில் பலர் ஆசிரியர்களாகப் போவீர்கள். பாடப்புத்தகம் இவருக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் அதோடு நிற்காதீர்கள். ‘மோகனாங்கி’யை முழுதாக வகுப்புக்குக் கொண்டுபோங்கள். நடை பழையது, பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், விடட்டும். படித்து முடித்ததும், சுருக்கச் சொன்னால் எதை வெட்டுவாய், யார் பெயரைத் தலைப்பில் வைப்பாய், ஏன் என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பார்த்த பதில் வராவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.