பான் நகரில் ஒரு கோடைப் பருவம்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையில் ஜெர்மனிக்குச் சென்று அந்நாட்டு மொழியும் பண்பாடும் பயின்று வருவதைப் பற்றிப் பேசுமாறு செயற்குழு என்னைப் பணித்தது. விலையில்லா மிதிவண்டிக்கு வரிசை எண் எழுதிக்கொண்டிருக்கும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியனுக்கு ஜெர்மனி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமூகத்திற்கு இது புதிய பொருளன்று. இதற்கு நூறாண்டு வயது.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவராக இருந்தபோது வடமொழி பயில விரும்பினார். தீண்டாதார் வீட்டுப் பிள்ளை என்பதால் அது மறுக்கப்பட்டது. பாரசீகத்தைப் பாடமாக எடுக்க நேர்ந்தது. அதே மாணவர் 1913-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பொருளியலுக்கும் வரலாற்றிற்கும் இடையே தொடக்கநிலை ஜெர்மன் மொழியையும் ஒரு பாடமாகப் படித்தார். அம்மொழியிலேயே விண்ணப்பம் எழுதும் அளவிற்கு முன்னேறி, 1922-ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்திற்கு ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்றார். லண்டனில் ஆய்வேட்டுப் பணி இருந்தது. பான் நகரில் அவர் தொடர்ந்து பயிலவில்லை. ஆயினும் அந்தப் பதிவு நமக்கு ஒன்றைச் சொல்கிறது. இந்நாட்டின் ஒரு மொழி அவருக்குக் கதவடைத்தது. அயல்நாட்டு மொழி ஒன்று குலம் கேட்காமல் இடங்கொடுத்தது.

நம் நகரிலேயே அந்தக் கதவு உள்ளது. பாண்டி பஜாரில் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனை அடையலாம். அந்தப் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் செவியில் ஈயமும் அரக்கும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். அந்த ரிக் வேதத்தைச் சாயணர் உரையோடு 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாக அச்சிட்டு, விலை கொடுத்தவர் எவரும் படிக்கும்படி செய்தவர் மாக்ஸ் முல்லர் என்னும் ஜெர்மானியர். இந்திய மண்ணை ஒருமுறையேனும் அவர் மிதித்ததில்லை.

அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யும் மேற்கு ஜெர்மனியின் உதவியால் 1959-இல் எழுந்ததே. ஜெர்மானியப் பேராசிரியர்கள் அங்கே பாடம் நடத்தினர். நம் நாட்டு ஆசிரியர்கள் அங்கு சென்று பயிற்சி பெற்றனர். மதிலுக்கு இப்பால் தரமணியிலும் கானகத்திலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்த உறவால் கிடைத்தது என்ன என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

மொழியைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் சில சொற்கள். ஆங்கிலம் நம் பிள்ளைகளை அச்சுறுத்துவது, வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அதை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருப்பதால்தான். ஜெர்மனில் அந்த முன்னுரிமை யாருக்கும் இல்லை. மயிலாப்பூர் மாடவீதிப் பிள்ளையும் குடிசைமாற்று வாரியக் குடியிருப்புப் பிள்ளையும் ஒரே நாளில் முதல் எழுத்தைத் தொடங்குகிறார்கள். தமிழ் இலக்கணம் தெரிந்தவனுக்கு அது ஓரளவு கைகொடுக்கவும் செய்கிறது. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நான்குதான். துணை வாக்கியத்தில் வினைச்சொல் நம் மொழியில் போலவே இறுதியில் வந்து நிற்கும். பால் பாகுபாடு மட்டும் தலைசுற்ற வைக்கும்: சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்னும் சொல், பெண்பாலாக இராமல் இலக்கணப்படி அஃறிணைப் பாலில் அடங்குகிறது!

இன்னொன்றைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அம்மொழியில் 'நீ' என்பதற்கு 'டு' என்றும், 'நீங்கள்' என்பதற்கு 'ஸீ' என்றும் இரு சொற்கள் உள்ளன. அலுவலகத்திலும் வங்கியிலும் அறிமுகமில்லாத பெரியவர் எவரையும் 'ஸீ' என்றே விளிப்பது முறை. நம் பாட்டனாரை ஊர்த்தெருச் சிறுவனும் 'டா' போட்டு அழைத்தான். அவருடைய பேத்தி அங்கே ஒரு பணியாளர் முன் நிற்கும்போது, மரியாதைச் சொல்லை யாசிக்காமலே பெறுகிறாள். ஒரு கோடைக்காலத்தில் அவள் கற்கும் பண்பாட்டில் இதுவும் சேரும்.

அதற்காக அந்நாட்டைச் சொர்க்கம் என்று நான் கூறவில்லை. நிறம் பார்ப்பவர் அங்கும் உண்டு. மியூனிக் நகருக்கு அருகில் 1933-இல் தொடங்கப்பட்ட டாக்கௌ வதைமுகாம் இன்று நினைவிடமாக நிற்கிறது. செல்லும் மாணவர் அதையும் காண வேண்டும். பிறப்பைக் காட்டி மனிதரை ஒதுக்கிய ஒரு நாடு, தன் குற்றத்தைத் தன் பிள்ளைகளுக்கே பாடமாகக் காட்டுவதை நம்மவர் காண்பது நல்லது.

வழி என்ன? டி.ஏ.ஏ.டி. என வழங்கும் ஜெர்மன் கல்விப் பரிமாற்றக் கழகம், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடை வகுப்புகளுக்குக் கல்லூரி மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் மொழியை முன்பே ஓரளவு கற்றவர்க்கே அது கிடைக்கும். இங்குதான் நாம் பின்தங்குகிறோம். மாக்ஸ் முல்லர் பவனோடு இணைந்த பள்ளிகளின் மாணவர் சிலர் மூன்று வாரக் கோடைப் பயிற்சிக்கு அழைக்கப்படுகின்றனர். 2014-இல் கேந்திரீய வித்யாலயங்களில் மூன்றாம் மொழி இடத்திலிருந்து ஜெர்மனை நீக்கி வடமொழியை வைத்தபோது நாடெங்கும் வாதம் எழுந்தது. நம் அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே. அந்த வாதம் நம் பிள்ளைகளைத் தொடவே இல்லை. தாழ்த்தப்பட்டோர்க்கான மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையோ முதுநிலைப் பட்டத்திற்கும் ஆய்வுக்கும் உரியது. கோடை வகுப்பிற்கு அன்று. இடையில் உள்ள இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டியது நாமே.

விழா நினைவாக ஒரு வளைவு கட்டலாம் என்று உறுப்பினர் சிலர் கூறியிருக்கின்றனர். அவர்களுடைய அன்பை மதிக்கிறேன். ஆயினும் அந்தச் செலவை நான் ஆதரிக்கவில்லை. ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகள் கொண்டது அம்மொழித் தேர்வு. ஆண்டுதோறும் கல்லூரி முதலாண்டு மாணவர் ஐவரை, அவருள் மூவரேனும் பெண்களாக, முதற்படியில் சேர்த்து, கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் சங்கம் ஏற்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இடையில் நின்றுவிடாமல் மூன்றாம் படி வரை அவர்களைத் தொடரச் செய்தல் வேண்டும். பாதியில் விட்ட மொழியால் எந்த உதவித்தொகையும் வாராது.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. கடவுச்சீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். ஆற்றங்கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் முதலில் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் புதிய முகவரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காவல்துறையினர் விசாரணைக்கு வரும்போது அந்த முகவரியில்தான் உங்களைத் தேடுவர். படிவம் நிரப்பத் தெரியாதவர் ஞாயிறு காலையில் சங்க நூலகத்திற்கு வரலாம். நான் அங்கே இருப்பேன். மொழி வகுப்பில் சேர விரும்புவோர் இன்று மாலையே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.