கல்கத்தாவின் நீம்தலா மயானம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று நான் பேசப்போவது மங்களமான விஷயமல்ல. தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர், "வேறு ஏதாவது பேசக்கூடாதா, சார்?" என்றார். எல்லோருக்கும் ஒருநாள் வேண்டியிருக்கும் இடம்தானே, தெரிந்துகொள்வதில் தோஷமில்லை என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

நீம்தலா என்றால் வேப்பமரத்தடி. வடகல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. நாம் ஹூக்ளி என்கிறோம். வங்காளிகளுக்கு அது கங்கை. அதன் கரையில் தகனமாவதைப் பெரும் பாக்கியமாகக் கருதினார்கள். ஆனால் விறகு வாங்க வழியில்லாத ஏழை என்ன செய்வான்? உடலை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஊர் ஜனங்களில் பெரும்பாலோர் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தது அதே தண்ணீரைத்தான்.

1863-ஆம் வருஷச் சட்டத்தின்படி நகர நிர்வாகம் 'ஜஸ்டிஸ்கள்' என்ற சபையின் கைக்கு வந்தது. மறு வருஷமே சுகாதாரக் கமிஷன் தலைவர் ஜான் ஸ்ட்ராச்சி ஒரு கணக்கைக் கொடுத்தார். வருஷத்துக்கு 5,000-க்கு மேற்பட்ட பிரேதங்கள் ஆற்றில் போடப்படுகின்றன. அவற்றில் சுமார் 1,500 அரசாங்க ஆஸ்பத்திரிகளிலிருந்தே வருகின்றன! ஜனங்களுக்குச் சுகாதாரம் தெரியவில்லை என்று குறைசொன்ன சர்க்காரின் லட்சணம் இது.

ஆற்றில் பிரேதங்களைப் போடுவதைத் தடுக்கவேண்டும், கூடவே சுடுகாடுகளையும் கரையிலிருந்து அப்புறப்படுத்தவேண்டும் என்று அரசாங்கத் தரப்பிலிருந்து யோசனை வந்தது. முதலாவதை யார் ஆட்சேபிக்க முடியும்? இரண்டாவதுதான் ஊரைக் கலக்கிவிட்டது.

அப்போது ஜஸ்டிஸ்கள் சபையில் எழுந்து பேசியவர் ராம்கோபால் கோஷ். பெரிய வியாபாரி, பெரிய பேச்சாளி. ஆசாரசீலர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஹிந்து காலேஜில் டெரோஜியோவின் சிஷ்யர்களாக இருந்து, பழைய ஆசாரங்களைக் கேள்வி கேட்ட 'யங் பெங்கால்' கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர்தான் 1864-இல், கங்கைக்கரைத் தகனத்தை ஹிந்துக்களிடமிருந்து பறிக்கக்கூடாது என்று வாதாடினார். தனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பதல்ல கேள்வி, மற்றவர்களின் நம்பிக்கையில் நகராட்சி எதுவரை கைவைக்கலாம் என்பதே கேள்வி. அவர் பேச்சை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

யோசனை கைவிடப்பட்டது. மயானம் கரையிலேயே நிலைத்தது. ஆற்றில் பிரேதம் போடுவது நின்றது. தண்ணீர் விஷயத்தில் ஸ்ட்ராச்சி சொன்னதும் நியாயம், கரை விஷயத்தில் கோஷ் சொன்னதும் நியாயம் என்பது என் அபிப்பிராயம். 1870 வாக்கில் பல்தாவிலிருந்து வடிகட்டிய குழாய்த்தண்ணீரும் ஊருக்கு வந்துசேர்ந்தது.

1891-இல் ஈஸ்வர சந்திர வித்யாசாகரும், 1941-இல் ரவீந்திரநாத் தாகூரும் தகனமானது இங்கேதான். தாகூரின் நினைவிடம் அங்கே இருக்கிறது. இப்போது மின்சாரத் தகனமும் உண்டு. பக்கத்திலேயே சர்க்குலர் ரயில் ஓடுகிறது.

நகராட்சி மயானத்துக்குள் வந்ததில் இன்னொரு பலன், பதிவுப் புத்தகம். யார், என்ன வயசு, என்ன வியாதி என்று குறித்துவைக்கும் வழக்கம் வந்ததால்தான் ஊரில் எந்த நோய் பரவுகிறதென்று கணக்குப் பார்க்க முடிந்தது. கல்கத்தாவில் இன்றும் மயானத்தில் தரும் சீட்டு முக்கியம். பாங்க், பென்ஷன் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். நம் இனிஷியல் வழக்கம் வடக்கே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. 'எஸ்' என்பதை அவர்களாகவே ஏதாவது பெயராக விரித்து எழுதிவிடுவார்கள். ஆகவே எந்த ஊரானாலும், துக்கத்தோடு துக்கமாக, பாங்க் புத்தகத்தில் உள்ளபடியே முழுப்பெயரை ஒரு காகிதத்தில் எழுதி, விவரமுள்ள ஒருவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.