மதுரைக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம்?

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் என்னைக் கேட்டார்: "அண்ணே, மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏரோப்பிளேனில் எவ்வளவு நேரம்?" அவருடைய பாட்டனாரின் தம்பி தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1977 கலவரத்தில் அடிபட்ட அந்தக் குடும்பம் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சியில் குடியேறியது. அங்கே ஒரு சாவு. ஆகவே இது பொழுதுபோக்குக் கேள்வியல்ல.

கணக்குப் போடுவோம். தேசப்படத்தில் மதுரை விமான நிலையத்தின் மீது ஒரு கோலை வைத்து நேர் கிழக்கே நீட்டுங்கள். அது யாழ்ப்பாணத்துப் பலாலியைத் தொடும். சுமார் 215 கிலோமீட்டர். எழுபது பேர் ஏறும் புரொப்பல்லர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கும். 26 நிமிஷம்! மில்லில் சாப்பாட்டுக்கு விடும் அரை மணிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் கிளம்பியவுடன் அந்த வேகம் வந்துவிடாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். முக்கால் மணி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இது கோல் காட்டும் கணக்கு. வழி காட்டும் கணக்கு வேறு.

யுத்த காலத்தில் பலாலி ராணுவத்தின் கையில் இருந்தது. 1990-ல் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். 2019 அக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது விமானம் வந்தது சென்னையிலிருந்து. மதுரையிலிருந்து சென்னைக்கு 415, அங்கிருந்து பலாலிக்கு 355. ஆக 770 கிலோமீட்டர். கிழக்கே போக வேண்டியவன் வடக்கே போய்த் திரும்ப வேண்டும்! 2012-ல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் விட்டார்கள். அங்கே இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 400 கிலோமீட்டர் தரைவழி. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானம் வந்தது. வானத்தில் 185 கிலோமீட்டர்தான். நம்மவர் பஸ்ஸில் திருச்சி போய்ச் சேரும் நேரம் பறக்கும் நேரத்தைவிட அதிகம்.

1914 முதல் போட் மெயில் ஓடியது. ரயிலும் கப்பலும் சேர்த்து ஒரே டிக்கெட். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தால் நின்றது. அது பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் முந்திய தலைமுறை மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, காலராவில் விழுந்து செத்திருக்கிறது. 1964-ல் இரு பிரதமர்களும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

உசிலம்பட்டித் தோழரிடம் முக்கால் மணிக் கணக்கையும் சொன்னேன், திருச்சி வழியையும் சொன்னேன். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறார். கிளிநொச்சியில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.