தன் விருப்பும் திருவுளமும்

கிறிஸ்தவர்கள் காலையிலும் மாலையிலும் சொல்லும் மன்றாட்டிலே, தம் விருப்பம் நிறைவேற வேண்டும் என்னும் வேண்டுகோள் இல்லை. ஆண்டவனின் திருவுளமே நிறைவேற வேண்டும் என்னும் வேண்டுகோளே உண்டு. நாவினால் இதைச் சொல்லுதல் எளிது. வாழ்க்கையிலே இதைச் சொல்ல நேரும்போது மனிதன் எத்தகைய விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டியாரக் குடாவிலேயே அதற்கு ஒரு வரலாறு இருக்கின்றது.

மகாவலி கங்கை கடலோடு கலக்கும் அக்குடாவின் கரையிலே மூதூர் என்னும் ஊர் உண்டு. அங்கே ஒரு மரம் நின்ற இடத்தை நினைவூட்டும் கல் ஒன்று 1893ஆம் ஆண்டிலே நாட்டப்பெற்றது. 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த றொபேட் நொக்ஸ் என்பார் 1660ஆம் ஆண்டில் அம்மரத்தடியிலே சிறைபிடிக்கப்பட்டார் என்பது அக்கல் கூறும் செய்தி. உண்மையிலே அப்பெயரைத் தாங்கியோர் இருவர். ஒருவர் கப்பலின் தலைவர். மற்றவர் அவருடைய மகன். மகனுக்கு அப்பொழுது பத்தொன்பது வயது.

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, மசூலிப்பட்டினத்துக்கு அண்மையில் வீசிய புயலினால் அக்கப்பலின் பாய்மரம் சேதமுற்றது. அதைச் செப்பனிடுவதற்காகவே கப்பல் கொட்டியாரத்தை நாடி வந்தது. வந்தவர்கள் கரையிலுள்ள மக்களுடன் வணிகமும் செய்தார்கள், அச்சமின்றி நடமாடினார்கள். அக்காலத்தில் கண்டி இராச்சியத்தை ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். அவனுடைய ஆட்கள் தலைவரையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டனர். கப்பலும் ஏனைய மாலுமிகளும் தப்பி நின்றனர்.

கப்பலையும் கைப்பற்றக் கருதிய அதிகாரி, அதை ஆற்றினுள்ளே கொண்டுவரும்படி ஆணை அனுப்புமாறு தலைவரை வற்புறுத்தினான். மகனை அனுப்பினாலன்றிக் கப்பலில் உள்ளோர் தம் ஆணையை நம்பார் என்று தந்தை கூறினார். மகன் கப்பலுக்குச் செல்ல இசைவு கிடைத்தது. புறப்படுமுன், தம்மைக் கைவிடாது திரும்பி வரவேண்டும் என்று தந்தை மகனிடம் உறுதி வாங்கிக்கொண்டார். மகன் கப்பலை அடைந்தான். அதைக் காத்துக்கொள்வதற்குத் தந்தையார் இரகசியமாகச் சொன்னவற்றை எடுத்துரைத்தான். அவ்வளவோடு அவனுடைய கடமை முடிந்தது என்று பிறர் சொல்லியிருக்கலாம். அவனோ கப்பலின் தளத்திலே நிற்கின்றான். தன்னாட்டவர் சுற்றிலும் இருக்கின்றனர். பாயை விரித்தால் நாடு திரும்பலாம். எதிரே கரையில் இருப்பது சிறை. இளைஞன் ஒருவனுடைய விருப்பம் அவ்வேளையில் எந்தப் பக்கம் சாயும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவன் கரைக்கே திரும்பினான்.

தன் விருப்பத்தை ஆண்டவனுக்கு ஒப்படைத்தல் என்பதன் முதற் பொருள் இதுவே. அன்று அவனுக்கு வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. பெற்றவருக்குக் கொடுத்த வாக்கு மாத்திரமே அவன் முன் இருந்தது. இறைவன் திருவுளம் யாதென அறியாமல் தவிப்பதாகப் பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது கண் முன்னுள்ள கடமையின் வடிவிலேயே வந்து நிற்கின்றது. அது விருப்பத்துக்கு மாறாக இருப்பதாலேயே நாம் அதை அடையாளங் காண மறுக்கின்றோம்.

சிறைப்பட்டோர் கூண்டுகளில் அடைக்கப்படவில்லை. பல ஊர்களிலே பிரித்து வைக்கப்பட்டார்கள். ஊரார் அவர்களுக்கு உணவளிக்க வேண்டும் என்பது அரசனின் ஆணை. ஆனால் நாட்டை விட்டு வெளியேற வழியில்லை. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் சிற்றூரிலே வாழ்ந்தபோது இருவரையும் காய்ச்சல் பற்றியது. தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு மகன் சிறைக்குத் திரும்பினானே என்று எண்ணித் தந்தை உள்ளம் நைந்தார். 1661ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆந் திகதி அவர் உயிர் நீத்தார். நோயினால் தளர்ந்திருந்த மகன், உடலைக் கயிற்றால் கட்டி இழுத்துச் செல்ல உடன்படாது, ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்து, அவன் துணையோடு தந்தையை அடக்கஞ் செய்தான்.

வாக்கைக் காத்தவனுக்குக் கிடைத்த பயன் இதுதானா என்று கேட்கத் தோன்றும். நன்மை செய்தவனுக்கு உடனே கூலி கிடைக்கும் என்று கிறிஸ்தவ மறை எங்கும் வாக்களிக்கவில்லை. கூலியை எதிர்பார்த்துச் செய்யும் ஒப்படைப்பு வெறும் பண்டமாற்று.

கப்பலிலிருந்து கொண்டுவந்த பக்தி நூல்கள் இரண்டு அவனிடம் இருந்தன. தனிமையிலே அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து ஏறக்குறைய மனப்பாடமே செய்துவிட்டான். ஒருநாள் ஓடையிலே தூண்டிலிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்திலே தமக்குக் கிடைத்த புத்தகம் ஒன்று இருப்பதாக அவர் கூறினார். அது ஆங்கில வேதாகமம்! கையிலுள்ள பொருள் முழுவதையும் கொடுத்துவிட நொக்ஸ் துடித்தான். முடிவில், பின்னிய தொப்பி ஒன்றுக்கு அந்நூல் அவனுக்குக் கிடைத்தது.

அதைத் திறந்தபோது அவன் கண்ணிற் பட்டது அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம். பவுலும் சீலாவும் பிலிப்பி நகரத்துச் சிறையிலே இருந்த வரலாறு. நிலநடுக்கத்தினால் சிறைக் கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்றெண்ணிய சிறைக்காவலன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள வாளை உருவுகின்றான். ஆனால் அவர்கள் ஓடவில்லை. அதைக் கண்ட காவலன், தான் ஈடேற வழி என்ன என்று அவர்களிடம் கேட்கின்றான். திறந்த கதவு முன்னிருந்தும் பிறரின் பொருட்டுச் சிறையிலே நின்றவர்களின் கதை, கப்பலிலிருந்து கரைக்குத் திரும்பியவனின் கையிலே வந்து சேர்ந்தது.

எனினும், ஒப்படைப்பு என்பதைச் சோம்பிக் கிடத்தல் என்று கொள்ளுதல் தவறு. அரசன் தன்னைச் சிறைவைத்தது ஆண்டவன் கட்டளை என்று சொல்லி நொக்ஸ் கைகட்டி இருந்துவிடவில்லை. தொப்பி பின்னினான், பன்றியும் கோழியும் வளர்த்தான், நெல்லைக் கடன் கொடுத்தான், பண்டங்களைச் சுமந்து ஊர் ஊராக விற்றான். அவ்வியாபாரத்தின் மறைவிலே வடக்கு நோக்கிச் செல்லும் வழிகளை அறிந்துகொண்டான். முயற்சிகள் தவறின, மீண்டும் முயன்றான். 1679ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஸ்டீபன் ருத்லண்ட் என்னும் தோழனுடன் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் போக்கிலே காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18ஆந் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். பத்தொன்பது ஆண்டுச் சிறை முடிவுற்றது. கெத்செமனேத் தோட்டத்திலே இயேசுநாதரும் துன்பக் கிண்ணம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று முதலில் வேண்டவே செய்தார். விருப்பம் இருத்தல் குற்றமன்று. அதைத் தந்தையின் முன் வைத்து, முடிவை அவரிடம் விடுதலே ஒப்படைப்பு.

இவ்வளவில் கதையை நிறுத்திவிட்டால் அது இனிய கதையாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இராது. நாடு திரும்பிய நொக்ஸ் 1681ஆம் ஆண்டிலே இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார், புகழ் பெற்றார், கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் தலைவரானார். அப்பதவியிலே அவருக்குக் கிடைத்த பணிகளில் ஒன்று, மடகஸ்காரிலே அடிமைகளை வாங்கிப் புனித ஹெலினாத் தீவுக்குக் கொண்டுசெல்வது. பத்தொன்பது ஆண்டுகள் அந்நிய மண்ணிலே விடுதலைக்காக ஏங்கியவர், பிறருடைய விடுதலையைப் பறிக்கும் வணிகத்துக்குக் கப்பல் செலுத்தினார். அக்காலத்து வணிகர் பலர் அதைக் குற்றமாகக் கருதவில்லை என்பது உண்மை. ஆயினும், தளையின் வேதனையைத் தம் உடலில் அறிந்த ஒருவருக்கு, அவ்விளக்கம் போதுமா?

இங்கேதான் இவ்வரலாற்றின் பாடம் ஆழமாகின்றது. வறுமையிலும் சிறையிலும் மனிதன் ஆண்டவனைப் பற்றிக்கொள்வது வியப்பன்று. பற்றிக்கொள்ள வேறொன்றும் அங்கே இல்லை. கையிலே அதிகாரம் வந்து, ஊதியமும் உயர்வும் முன்னே நின்று, செய்யும் தொழிலை ஊரும் ஒப்புக்கொள்ளும் போதுதான் தன் விருப்பு எது, திருவுளம் எது என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. பத்தொன்பது வயதிலே ஒரு தடவை கரைக்குத் திரும்பியது, வாழ்நாள் முழுவதற்கும் போதிய ஒப்படைப்பாகிவிடவில்லை.

ஆகவேதான் அந்த மன்றாட்டை ஒரு நாள் மட்டும் சொல்லி விட்டுவிடாது, நாள்தோறும் சொல்லும்படி கிறிஸ்தவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. அலுவலகத்தில் கையொப்பமிடும்போதும், கடையில் நிறுக்கும்போதும், தம் கீழ் வேலைசெய்வோருக்குக் கூலி கொடுக்கும்போதும் அது சொல்லப்பட வேண்டும். இன்னல் வந்த நாளிலே அதை எவரும் எளிதில் மறப்பதில்லை. இன்னல் நீங்கிய மறுநாளும் அதை அதே உள்ளத்தோடு சொல்வதே வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் பயிற்சி.