19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு!

நாலு வருஷ சேமிப்பில் ஒரு பழைய ஆடி டிடி வாங்கப் போறேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா? ரெண்டு வண்டி பார்த்தேன். ஒன்று 2010 மாடல், 19,000 கிலோமீட்டர். இன்னொன்று 2013, 68,000. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். மீட்டரைப் பார்த்ததும் முதல் வண்டியில மயங்கிட்டேன்.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் மீட்டர் பக்கமே போகலை. குனிந்து டயரைப் பார்த்தார். ஓரத்தில் நாலு இலக்கம்: 1410. அதாவது 2010-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் தயாரான டயர். பட்டன் அப்படியே இருக்கு, ஆனா பக்கவாட்டில் முழுக்க மெல்லிய வெடிப்பு. "தம்பி, இதுல ஈசிஆர்ல 120 போவீங்களா?"ன்னு கேட்டார். பதில் இல்லை.

நிற்கிற வண்டிக்கும் வயசாகும். புஷ், ஹோஸ், சீல்னு ரப்பர் எல்லாம் காயும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால ஓடினாலும் ஓடாட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். இந்த வண்டிக்கு 2016-க்கு அப்புறம் ஒரு சர்வீஸ் பில்கூட இல்லை. (அப்போ அந்த 19,000 நிஜம்தானான்னும் எனக்கு ஒரு சந்தேகம்.) 15 வருஷ ஆர்சியும் முடிஞ்சாச்சு, எஃப்சி எடுத்துத்தான் புதுப்பிக்கணும்.

ரெண்டாவது வண்டிக்கு வருஷாவருஷம் பில் இருக்கு. 60,000-ல் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தியிருக்காங்க. அதுக்கே அட்வான்ஸ் கொடுத்துட்டேன். டிரைவர் சீட் ஓரம் நல்லாவே தேஞ்சிருக்கு. போட்டோ பார்த்த அம்மா, "இதுக்காடா இவ்வளவு காசு?"ன்னாங்க.