வாலில் எழுத்து, மறைவில் முதலாளி



பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்களும், மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் கிழங்கு பிடுங்குபவர்களும் கூடியிருக்கும் இடத்தில் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். ஓமலூர்ப் பக்கத்து விவசாயிகள் இதற்குப் பதில் சொல்வார்கள். 1993-ல் திறந்த சேலம் விமான நிலையத்தை விரிவாக்க இன்னும் சுமார் 570 ஏக்கர் வேண்டும் என்று 2018-ல் சர்க்கார் அளக்க வந்தது. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி மக்கள் எதிர்த்து நின்றார்கள். நிலத்தை எடுக்கும்போது பட்டா யார் பேரில், வாரிசு யார் என்று சென்ட் கணக்கில் விசாரிப்பார்கள். ஆனால் உலகின் ஓடுபாதைகளில் இறங்கும் தனியார் விமானங்கள் பலவற்றின் உண்மைச் சொந்தக்காரர் யார் என்று கேளுங்கள். விடை வராது!

இந்த வித்தை நாமக்கல் லாரித் தொழிலாளருக்குச் சட்டென்று விளங்கும். டி.என். 28 என்றால் நாமக்கல், டி.என். 30 என்றால் சேலம். ஆனால் நம் சாலையில் ஓடிய ஆம்னி பஸ்கள் பலவற்றில் நாகாலாந்து எண் இருந்தது. அங்கே வரி குறைவு. பதிவு அங்கே, வசூல் இங்கே! 2024 ஜூனில் தமிழக அரசு வெளிமாநிலப் பதிவு ஆம்னி பஸ்களுக்குத் தடை போட வேண்டியதாயிற்று.

விமானத்திலும் இதே கதைதான். மாநிலத்துக்குப் பதில் நாடு. 1944-ம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தப்படி, விமானம் எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்த நாட்டின் பிரஜை. ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் பதிவு கூடாது. இந்திய விமானத்துக்கு வி.டி. என்ற எழுத்து, அமெரிக்க விமானத்துக்கு 'என்'. நம் நாட்டு 1937-ம் வருஷத்து விதிகள் இந்தியருக்கு ஒரு வகை, இங்கே வசிக்கும் அந்நியருக்கும் இங்கே வியாபாரம் நடத்தும் அந்நியக் கம்பெனிகளுக்கும் வேறொரு வகை என்று பிரித்தன. அந்நியர் அந்நியராகவே ஏட்டில் ஏறினார்.

அமெரிக்காவில் சில விலக்குகள் நீங்கலாக அந்நியர் தம் பேரில் பதிவு செய்ய முடியாது. ஆனால் பணமிருந்தால் வழியும் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவரையோ, அமெரிக்கக் கம்பெனி ஒன்றையோ டிரஸ்டியாக்கி, விமானத்தை அவர் பேருக்கு மாற்றிவிட வேண்டும். ஏட்டில் இருப்பது டிரஸ்டி, பறப்பது வேறொருவர். சட்டம் இதை அனுமதிக்கிறது. நம் ஊரில் இதற்குப் பேர் என்ன தோழர்களே? பினாமி!

டெக்சாஸ் மாகாணத்தில் ஓனலாஸ்கா என்றொரு சிற்றூர். அங்கே விமான நிலையமே கிடையாது. ஆனால் அவ்வூர்த் தபால் பெட்டி முகவரியில் 1,000-க்கு மேற்பட்ட விமானங்கள் பதிவாகியிருந்தன! 2019-ல் ஒரு டெலிவிஷன் நிலையம் இதை அம்பலப்படுத்தியது. அந்த டிரஸ்ட் கம்பெனியை நடத்தியவருக்குப் போதைப்பொருள் கடத்தல் சதியில் பங்கு என்று தீர்ப்பாகி, 2023-ல் 16 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. டிரஸ்ட் வைத்தவர் எல்லாரும் கடத்தல்காரர் அல்லர். ஆனால் எல்லாருக்கும் ஒரே திரை கிடைத்தால், கடத்தல்காரரும் அதற்குள்தானே ஒளிவார்?

திரை வரிக்கும் உதவும். பிரிட்டனுக்கு அருகே மேன் தீவு 2007-ல் தனி விமான ஏடு திறந்தது. அங்கே கம்பெனி வைத்து ஜெட் விமானத்தை இறக்குமதி செய்து, வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர்களின் கதைகளை 2017-ல் பாரடைஸ் ஆவணங்கள் வெளிப்படுத்தின.

பேரைச் சொன்னால் முதலாளியின் அந்தரங்கம் கெட்டுவிடும் என்கிறார்கள். நமக்கு அந்தரங்கம் உண்டா? ஆலைத் தொழிலாளி தன் பி.எப். பணத்தை எடுக்கப் போனால், ஆதாரில் பேர் ஓரெழுத்து மாறியிருந்தாலும் மனு திரும்பி வருகிறது. ரேஷன் கார்டில் குடும்பமே பேர் பேராக நிற்கிறது. தொழிலாளிக்கு ஓரெழுத்துக் கூடினால் குற்றம். முதலாளிக்கு வாலில் ஓரெழுத்து எழுதினால் தஞ்சம்!

விமானி சம்பளம் பாக்கி நின்றாலும், விபத்து நேர்ந்தாலும், வரி ஏய்ப்பு நடந்தாலும் பிடிக்க வேண்டியது தபால் பெட்டியை அல்ல, மனிதனை. ஆகவே நாம் கேட்பது இதுதான். எந்த நாட்டு எழுத்தைத் தாங்கி வந்தாலும், விமானத்தின் உண்மைச் சொந்தக்காரர் பேர் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த ஏட்டை எந்தக் குடிமகனும் புரட்டிப் பார்க்கும் உரிமை வேண்டும். பட்டாவில் பேரெழுதி நிலம் கேட்கிற சர்க்கார், அந்த நிலத்தில் இறங்குபவரின் பேரையும் எழுதட்டும்!